யார் வீடுன்னு கேக்கணும்?

எனக்கு ஒரு எடத்துல உக்கார வராது. சோறு திங்கிறப்பவும் கால் ஆடிக்கிட்டே இருக்கும். "கால ஆட்டாத, வீட்டுக்கு ஆகாது"ன்னு அம்மா தொடையில ஒண்ணு போடுவாங்க. ரெண்டு நிமிஷம் நிக்கும், பொறகு பழையபடி ஆடும். இப்படிப்பட்ட ஒருத்தி, மணிக்கணக்கா கதிரையில உக்காந்து செய்யிற வேலையப் படிக்கிறேன்னு போய்ச் சேந்தா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

ஹட்டன்ல ஒரு கட்டடத்தோட மூணாம் மாடியில நடந்துச்சு அந்தக் கோர்ஸ். வெப்சைட் செய்யச் சொல்லிக் குடுத்து, கடைசியில சோதனை வச்சு, பாஸ் ஆனா சர்டிபிகேட் குடுப்பாங்க. சனி ஞாயிறு நேர்ல வகுப்பு, மத்த நாள் ஒன்லைன். எங்க தோட்டம் மஸ்கெலியா பக்கம். முத பஸ்ஸப் புடிச்சு டவுனுக்கு வந்து, அங்கேருந்து ஹட்டன் பஸ் ஏறணும். ஜன்னல் சீட்டு கெடச்சாலும் நான் வெளிய பாத்துக்கிட்டு வந்தது கெடையாது. முந்தின வாரம் சொல்லிக் குடுத்த கொம்பியூட்டர் கோட மனசுக்குள்ள எழுதி அழிச்சு எழுதிக்கிட்டே வருவேன். பக்கத்துல இருந்த ஒரு அக்கா ஒருநாள், "ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா தங்கச்சி, வாய் தானா ஆடுது"ன்னு கேட்டுச்சு.

அவ்வளவு பரபரப்புக்கு ஒரு காரணம் இருந்துச்சு. வீட்டுல நானும் அம்மாவும் மட்டும்தான். அண்ணன் கல்யாணம் முடிச்சு கொழும்புலயே தங்கிட்டாரு. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல தேயிலைக் கொழுந்து எடுக்குறாங்க, அந்த வருஷக் கடைசியோட அவங்க வேலை முடியுது. வீட்டுல ஒருத்தர் பேராவது தோட்டத்துல பதிஞ்சிருந்தாத்தான் தோட்டம் குடுத்த வரிசை வீட்டுல, லயத்துக் காம்பராவுல யாரும் கேள்வி கேக்காம இருக்கலாம். இத தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா அம்மாகிட்ட நேராவே சொல்லிட்டாரு. "மக சும்மாதான இருக்கு, பேரப் பதிஞ்சு விடு"ன்னு. சும்மா இருக்காளாம். நான் லப்டொப்போட மல்லுக்கட்டுறது அவருக்கு சும்மாவாத் தெரிஞ்சிருக்கு.

அம்மா என்கிட்ட சண்டை போடல. ஒரே ஒரு தடவ சொன்னாங்க. "கோர்ஸ் முடியிற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். பாஸ் ஆனா ஒன் வழியில போ. இல்லன்னா பேரப் பதிஞ்சுட்டு பெரட்டுக்கு வந்துரு." பெரட்டுன்னா காலையில எல்லாரையும் களத்துல நிக்க வச்சு, பேர் கூப்பிட்டு, இன்னிக்கு எந்த மலைன்னு வேலை பிரிச்சு விடுறது. அடுத்த வாரமே ஆபீஸ்லேருந்து பேர் பதியிற போர்ம் ஒண்ண வாங்கிட்டு வந்து, அரிசி டின்னுக்கு மேல வச்சாங்க. நான் சோத்துக்கு அரிசி அளக்குறப்பெல்லாம் அதத் தூக்கி வச்சுட்டுத்தான் டின்னத் தொறக்கணும்.

மலைக்குப் போறது கேவலம்னு நான் ஒருநாளும் நெனைச்சதில்ல. அம்மா எடுத்த கொழுந்துலதான் நான் வளந்தேன். ஆனா அந்தக் களத்துல என் பேரக் கூப்பிடுற சத்தத்த நெனைச்சா எந்திரிச்சு வெளிய நடந்துருவேன். மழைக்குப் படங்குத் துணிய இடுப்புல கட்டிக்கிட்டு நின்னு, பேர் வந்ததும் "ஓங்க"ன்னு சொல்லணும். ஒரு தடவ சொல்லிட்டா பொறகு முப்பது வருஷம் சொல்லணும். எனக்குப் பயமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

சர்டிபிகேட்டுக்குக் கடைசி வேலை ஒண்ணு இருந்துச்சு. உண்மையான ஒரு கடைக்கோ ஆளுக்கோ வெப்சைட் செஞ்சு குடுக்கணும். அத கொறஞ்சது பத்துப் பேராவது நெசமாவே பாவிச்சிருக்கணும். பொறகு கொழும்புலேருந்து வர்ற மேடம் முன்னுக்கு அத விளக்கிக் காட்டணும். "கூட்டாளிமாரச் சேத்து பொய்யா பத்து போட்டீங்கன்னா கண்டுபுடிச்சிருவாங்க"ன்னு சொல்லித் தர்ற எங்க சேர் முன்கூட்டியே சொல்லிட்டாரு.

எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணுதான். மஸ்கெலியா டவுன்ல ஒரு துணிக்கடை. ஏ.எல். முடிச்சுட்டு நான் ரெண்டு வருஷம் அங்க நின்னு சீலை மடிச்சிருக்கேன். முதலாளிகிட்ட போய்க் கேட்டேன். அவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி விட்டுட்டு, "நீ சீலைய மடிச்சதவிட ஓடுனதுதான் ஜாஸ்தி. வெப்சைட்டு உக்காந்தில்ல செய்யணும்"னாரு. பொறகு அவரே, "தீவாளிக்கு முன்னுக்கு முடியும்னா செய்யி"ன்னாரு. தீபாவளி நெருங்குனா அவரு கடை வேன் தோட்டம் தோட்டமா சாமான் கொண்டு போகும். ஜனங்க போன்ல சொல்றதும் கடையில எழுதுறதும் வேற வேறயா இருந்து, பச்ச கேட்டா நீலம் போய்ச் சேரும். எல்லாத்தையும் படமாப் போட்டு, பாத்து எடுத்துக்கிற மாதிரி செஞ்சு தர்றேன்னேன். அவருக்கு அது புடிச்சுப் போச்சு.

செஞ்சேன். அண்ணன் குடுத்த பழைய லப்டொப்ல பேட்டரி நிக்காது, பிளக்க விட்டு ஒரு அடி நகர முடியாது. அடுப்படி பிளக்குப் பக்கத்துல பலகையப் போட்டு, கால ஆட்டிக்கிட்டே செஞ்சேன். காம்பராவுக்குள்ள சிக்னல் ஒரு கோடு, தண்ணிப் பீலிக்கு எறங்குற படியில மூணு கோடு. அதனால எழுதுறது உள்ளுக்கு, போன்ல ஏத்திக்கிட்டுப் போய் அனுப்புறது படியில. தண்ணி புடிக்க வர்றவங்க என்னச் சுத்திப் போவாங்க. ஒர்டர் குடுக்குற கடைசிப் பக்கத்துக்கு நான் புதுசா ஒண்ணும் யோசிக்கல. வகுப்புல குடுத்த மாதிரிப் போர்ம அப்படியே எடுத்து தமிழ்ல மாத்துனேன். பேர், போன் நம்பர், வீட்டு இலக்கம், வீதி, நகரம், தபால் குறியீடு. நிரப்பாம விட்டா செவப்பு எழுத்து வந்து மறிக்கும். சேர் பாத்துட்டு, "நீட்டா இருக்கு"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியல.

லிங்க்க எல்லாத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பியாச்சு. முத நாளே நூத்துக்கு மேல ஆளுங்க வந்து பாத்தாங்க. யாரு எந்தப் பக்கம் வரைக்கும் வந்தாங்கன்னு எனக்குத் தெரியும். சீலையப் பாக்குறாங்க, பெருசாக்கிப் பாக்குறாங்க, கூடையில போடுறாங்க, கடைசிப் பக்கத்துக்கு வர்றாங்க, போயிடுறாங்க. ஒரு வாரத்துல மூணே மூணு ஒர்டர். மூணும் டவுன் ஆளுங்க. ஒருத்தர் மருந்துக்கடைக்காரரு, ரெண்டு பேரு பேங்க்ல வேலை செய்யிறவங்க.

அந்த ஒரு வாரம் நான் மனுஷியா இல்ல. கோட்ல எங்கயோ பிழைன்னு நெனைச்சேன். படம் எல்லாத்தையும் சின்னதாக்குனேன், பக்கம் சீக்கிரம் தொறக்கட்டும்னு. பொத்தானோட கலர மாத்துனேன். செவப்புன்னா பயப்படுறாங்களோன்னு பச்சையாக்குனேன். மேல இருந்தத கீழ போட்டேன், கீழ இருந்தத மேல போட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா படிக்கு ஓடி, புதுசா ஏதும் வந்திருக்கான்னு பாத்துட்டு, வெறுங்கையோட ஏறி வருவேன். சேர்கிட்ட குடுத்துப் பாக்கச் சொன்னேன். "கோட்ல ஒரு பிழையும் இல்லம்மா. சில நேரம் உங்க ஆளுங்களுக்கு ஒன்லைன்ல வாங்குற பழக்கம் இல்லாம இருக்கலாம்"னாரு. நானும் அத நம்பிட்டேன். இத இப்ப எழுதுறப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு. என் சனத்துக்குத்தான் வெளங்கலன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

பௌர்ணமி போயா லீவன்னிக்கு அம்மா வீட்டுல இருந்தாங்க. மத்தியானம் இஸ்தோப்புத் திண்ணையில, வாசப்படியில கால நீட்டி உக்காந்துக்கிட்டு, "எங்க, ஒன் கடைய எனக்கும் காட்டு. நானும் ஒரு சீலை எடுக்குறேன்"னாங்க. அம்மா அஞ்சாம் வகுப்போட நின்னவங்க, ஆனா எழுத்துக் கூட்டாம படிப்பாங்க. போனக் குடுத்துட்டு நான் உள்ள லப்டொப்புக்குப் போயிட்டேன். அவங்க ஒண்ணொண்ணா பாத்து, "இது கெழவி கட்டுறது", "இது கட்டுனா மலைக்குள்ள, வேலை பாக்க வர்ற கண்டாக்கு ஐயா கண்ணுல படாம ஒளிய முடியாது"ன்னு தனியா பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கடைசியில கடுகுக் கலர் கரை போட்ட பச்சச் சீலை ஒண்ணப் புடிச்சுட்டாங்க.

"வீட்டு இலக்கம்னு கேக்குது. என்ன போட?"

"நம்ம நம்பரப் போடுங்க"ன்னு நான் தலையத் தூக்காம சொன்னேன்.

"லயத்துக்குத்தான் நம்பர். வீட்டுக்கு ஏது?"

என் விரல் கீபோர்ட்ல நின்னு போச்சு.

"வீதின்னு கேக்குது." எழுத்த அமத்துற சத்தம் கேட்டுச்சு. பொறகு, "ரோடு இல்லன்னு போட்டுட்டேன். சரிதான?"

சரியில்ல. வீட்டு இலக்கத்துல எண் இல்லாம நகராத மாதிரி நான்தான் எழுதி வச்சிருந்தேன். தபால் குறியீடு அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் பாத்துத்தான் சொல்லணும். போர்ம் முழுக்க செவப்பாச்சு. "சரியான முகவரியை உள்ளிடவும்"னு மூணு எடத்துல வந்து நின்னுச்சு. அந்த வசனத்த எழுதுனதும் நான்தான்.

அம்மா சீலை முந்தானையால போனத் தொடச்சு என்கிட்ட நீட்டுனாங்க. "என்னமோ தப்பா அமத்திட்டேன் போல. எனக்கு இதெல்லாம் வராது புள்ள."

அவங்க மொகத்த என்னால பாக்க முடியல. பாக்கணும்னா மன்னிப்புக் கேக்கணும், எனக்கு அது லேசுல வராது. அதனால கோவந்தான் வந்துச்சு. "எல்லாக் கடையிலயும் இப்படித்தாம்மா கேப்பாங்க. ஏதாவது ஒண்ணப் போட்டு விட வேண்டியதுதான"ன்னு கத்துனேன்.

"நீ என்னத்தப் போட்டுப் பாத்த?" அம்மா சாதாரணமாத்தான் கேட்டாங்க.

நான் சோதிச்சுப் பாத்த ஒர்டரெல்லாம் அந்தப் போன்லயே இருந்துச்சு. பத்துப் பதினஞ்சு இருக்கும். எல்லாத்துலயும் என் பேரு, எல்லாத்துலயும் துணிக்கடையோட முகவரி. நம்பர் இருக்கு, வீதி இருக்கு, எல்லாம் பச்சையாப் போயிருக்கு. அம்மா ஒவ்வொண்ணா விரலால தள்ளித் தள்ளி வாசிச்சாங்க.

"நீ எப்ப கடைத்தெருவுக்குக் குடி போன?"

சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்க. ஆனா அந்தக் கேள்வி இன்னமும் என் நெஞ்சுல இருக்கு.

நான் குடி போய் மூணு வருஷமாச்சு, அம்மாவுக்குத்தான் தெரியாது. ஏ.எல். முடிச்ச கையோட ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லி கடிதம் வந்துச்சு. வந்தது, நேர்முகம் முடிஞ்சு ஒம்பது நாளைக்குப் பொறகு. தபால்காரரு தோட்டத்து ஆபீஸ் வரைக்கும்தான் வருவாரு. அங்கேருந்து லயத்துக்கு வர்றது யாரு கையில கெடைக்குதோ அவங்க மனசப் பொறுத்தது. அன்னிக்கு நான் அழல. அடுத்த நாள் கடையில நின்னுக்கிட்டு முதலாளிகிட்ட, "இனிமே என் கடிதமெல்லாம் இங்க வரட்டுமா"ன்னு கேட்டேன். அவரு சரின்னாரு. அதுக்குப் பொறகு பேங்குக்கு, கோர்ஸுக்கு, எல்லாத்துக்கும் அந்த முகவரிதான். மொதல்ல தபாலுக்காகத்தான் போட்டேன். போகப் போக எனக்கு அது புடிச்சுப் போச்சு. நம்பர் உள்ள வீடு, பேர் உள்ள வீதி. ஹட்டன் வகுப்புல யாராச்சும் எங்க இருக்கன்னு கேட்டா, "மஸ்கெலியா டவுன்"னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடுவேன். பொய்யச் சொல்லிச் சொல்லி, எங்க வீட்டுக்கு நம்பர் இல்லங்கிறதே எனக்கு மறந்து போயிருந்துச்சு. வேற ஊர் ஆளு ஒருத்தரு அந்தப் போர்ம அப்படிச் செஞ்சிருந்தா தெரியாமச் செஞ்சதுன்னு விடலாம். நான் லயத்துல உக்காந்துக்கிட்டு லயத்து ஆளுங்களுக்குக் கதவச் சாத்தி வச்சிருக்கேன்.

எந்திரிச்சு பீலி வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மூணாவது தடவ வந்து அம்மா பக்கத்துல வாசப்படியில உக்காந்தேன்.

"வெளியூர்லேருந்து யாராச்சும் நம்ம வீட்டத் தேடி வந்தா எப்படிம்மா கண்டுபுடிப்பாங்க?"

"எப்படின்னா? தோட்டத்துக்கு வந்து, எந்த டிவிஷன், எந்த லயம்னு கேப்பாங்க. அங்க வந்து யார் வீடுன்னு கேட்டா யாரும் காட்டப் போறாங்க."

அன்னிக்குச் சாயங்காலமே போர்மக் கழட்டிப் போட்டேன். நாலு கட்டம் மட்டும் வச்சேன். தோட்டம். டிவிஷன். லயம். நாலாவது கட்டத்துல அம்மா சொன்னதையே போட்டேன்: யார் வீடுன்னு கேக்கணும்? டவுன் ஆளுங்களுக்கு பழைய போர்முக்குப் போக கீழ சின்னதா ஒரு லிங்க். பழையது கீழ எறங்கிப் போனதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். எல்லாக் குரூப்புக்கும் இன்னொருக்கா அனுப்புனேன்.

மறுநாள் காலையில படிக்கு எறங்கிப் பாத்தா ஏழு ஒர்டர். மத்தியானம் பன்னெண்டு. அந்த நாலாவது கட்டத்துல ஜனங்க எழுதியிருந்தத வாசிச்சு, தண்ணி புடிக்க வந்தவங்க திரும்பிப் பாக்குற அளவுக்குச் சிரிச்சேன். "பால்காரர் வீடு." "மொட்ட மாமா வீடு, மொட்டன்னு சொன்னா கோவிப்பாரு, மாமான்னு மட்டும் கேளுங்க." "ரெட்டப் புள்ளைங்க வீடு." "பீலிக்கு மேல் வீடு, நாய் இருக்கு, தூரத்துலயே கூப்பிடுங்க." "பழைய கங்காணி வீடுன்னு கேளுங்க, கங்காணி இல்ல, வீடு இருக்கு." வேன் ஓட்டுற அண்ணன் ஒரு வீட்டக்கூட தவற விடல. முதலாளி போன் பண்ணி, "என்ன செஞ்ச, சாமான் பத்தாமப் போகுது"ன்னாரு. அவரு பாராட்டுறது இப்படித்தான்.

சோதனை நாள் வந்துச்சு. மேடம் கையில அச்சடிச்ச பட்டியல் ஒண்ணு வச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணா பாத்து புள்ளி போட. வேகம் சரி, போன்ல பாக்க சரி, தமிழ் எழுத்து சரி. முகவரிக்கு வந்ததும் நிறுத்துனாங்க.

"வீட்டு இலக்கம், வீதி, தபால் குறியீடு எங்க?"

"அது கீழ தனியா இருக்கு மேடம். தோட்டத்து ஆளுங்களுக்கு இதுதான் முகவரி."

"இத எப்படிச் சரிபாக்குறது? யார் என்ன வேணும்னாலும் எழுதலாமே." ஒர்டர் பட்டியல மேல தள்ளிக்கிட்டே போனாங்க. ஒரு எடத்துல விரல வச்சு, "இங்க பாருங்க, 'கொம்பியூட்டர் புள்ள வீடு'ன்னு இருக்கு. இது ஒரு முகவரியா?"ன்னு கேட்டாங்க.

நான் எட்டிப் பாத்தேன். அதுவரைக்கும் அந்த ஒர்டர நான் கவனிக்கல, சீலைய வாங்கி வச்சத அம்மாவும் சொல்லல. பேர் இருந்த எடத்துல அம்மா பேரு. பச்சச் சீலை, கடுகுக் கலர் கரை.

அழுதா புள்ளி கொறையும்னு நெனைச்சு வாயத் தொறந்தேன். தொறந்தா என் வாய் அடங்காது. "முகவரிதான் மேடம். அந்தச் சீலை போன வாரமே போய்ச் சேந்துருச்சுன்னு பக்கத்துலயே இருக்கு பாருங்க. உங்க பட்டியல்ல உள்ளபடி நான் செஞ்சப்ப எங்க தோட்டத்துக்கு ஒரு கைக்குட்டகூட போகல"ன்னேன். சேர் மேசையவே பாத்துக்கிட்டு நின்னாரு. மேடம் கோவப்படல. "ஸ்டாண்டர்ட் இதுதான். அத நான் மாத்த ஏலாது"ன்னு சொல்லி, அந்த எடத்துல முட்டை போட்டாங்க. எனக்குத் தெரியுற மாதிரித்தான் போட்டாங்க.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, "போச்சுன்னு நெனைக்கிறேன்"னு சொன்னேன். "என்ன சொல்லித் தொலச்ச?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். அம்மா அரிசி டின்னுக்கு மேல இருந்த போர்ம எடுத்து, தூசி தட்டி, அங்கயே வச்சாங்க. அப்பத்தான் அத முத தடவையா ஒழுங்கா வாசிச்சேன். பேரு, வயசு, அம்மா பேரு, தேசிய அட்டை நம்பர். முகவரின்னு ஒரு கட்டமே இல்ல. தோட்டத்துக்கு அது தேவையில்ல, நாங்க எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியும். உலகத்துலயே என்கிட்ட வீட்டு நம்பர் கேக்காத போர்ம் அது ஒண்ணுதான்.

மூணு வாரம் கழிச்சு ஈமெயில் வந்துச்சு. பாஸ். முகவரிக்கு முட்டை, மத்தது காப்பாத்திருச்சு. படியிலேருந்து கத்துனேன், அம்மா கொழுந்துக் கூடைய எறக்காமலே ஓடி வந்தாங்க. அதே வாரம், நான் முன்னுக்கே விண்ணப்பம் போட்டிருந்த ஹட்டன் சின்ன ஆபீஸ் ஒண்ணுல பயிலுனரா எடுக்குறோம்னாங்க. சர்டிபிகேட்டோட ஒரிஜினல மாசக் கடைசிக்குள்ள காட்டணும்னு மட்டும் சொன்னாங்க.

ஒரிஜினல் தபால்லதான் வரும். எந்த முகவரிக்கு அனுப்பணும்னு நிறுவனம் ஒரு லிங்க் அனுப்பியிருந்துச்சு. தொறந்தேன். வீட்டு இலக்கம், வீதி, நகரம், தபால் குறியீடு. என் விரல் தானா கடை நம்பருக்குப் போச்சு. பாதி அடிச்சிட்டேன். அங்க போட்டா நாலு நாள்ல கையில இருக்கும். லயத்துக்குப் போட்டா எப்ப வரும்னு சாமிக்குத்தான் தெரியும், அந்தப் பழைய கடிதம் மாதிரி ஒம்பது நாள் பிந்துனா வேலை போயிடும். புத்தி உள்ளவ கடை முகவரியப் போட்டிருப்பா. எனக்கு, எப்ப குடி போனன்னு அம்மா கேட்டதுதான் காதுல கேட்டுச்சு. அடிச்சத அழிச்சேன்.

வீதியில ஒண்ணும் போடாம அனுப்பப் பாத்தேன். செவப்பு. சரி, நான் என்னத்துக்குப் படிச்சேன்? லப்டொப்ல பக்கத்தோட உள் கோடத் தொறந்து, "இது கட்டாயம்"னு எழுதியிருந்த சொல்ல நாலு கட்டத்துலயும் அழிச்சேன். அது என் திரையில மட்டும்தான் மாறும், அந்தப் பக்கம் அவங்க மறுபடி சரிபாத்தா மாட்டிக்குவேன். அனுப்புனேன். போயிருச்சு. சரிபாக்கலன்னு எனக்கு முட்டை போட்டவங்க, அவங்க பக்கத்துல ஒண்ணையும் சரிபாக்காம வச்சிருந்தாங்க. என் பேரு, லயம், டிவிஷன், தோட்டம், மஸ்கெலியா. ஊர் பேர் மட்டும் இங்கிலீஷ்லயும் போட்டேன். கடைசி வரியில, கொம்பியூட்டர் புள்ள வீடு.

அனுப்பிட்டுப் பட்ட பாடு இருக்கே. சொன்னா அடிப்பீங்க. தமிழ் எழுத்து அச்சுல பெட்டி பெட்டியா வந்துருமோன்னு ஒரு பயம். ஹட்டன்லயே கெடந்துருமோன்னு ஒரு பயம். அம்மா தெனமும் கொழுந்து நிறுவை முடிஞ்சு ஆபீஸ் ஜன்னல்ல கேட்டுட்டு வருவாங்க. வரல. ரெண்டு தடவ நானே போனேன். "பேர் பதிய வந்தியா?"ன்னு கிளாக்கர் ஐயா கேட்டாரு. தபால் கட்ட நானே பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னு, ஒவ்வொண்ணாப் பெரட்டிப் பாத்துட்டு வந்தேன். இல்ல. மாசம் முடிய நாலு நாள் இருந்துச்சு. கடை முகவரியப் போட்டிருந்தா இந்நேரம் வேலைக்குப் போய் ஒரு வாரமாகியிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டே இருந்தேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லல.

அடுத்த நாள் காலையில பெரட்டுக்குப் போன அம்மா அரை மணித்தியாலத்துல திரும்பி வந்தாங்க. காச்சல் வந்தாக்கூட பாதியில வராதவங்க. தலையில கூடைக் கயிறு, இடுப்புல படங்கு, நெஞ்சோட ஒரு பெரிய கவர அமத்திப் புடிச்சிருந்தாங்க. மழை படாம இருக்க அதுக்கு மேல கொழுந்துப் பைய மடிச்சு மூடியிருந்தாங்க. ஏறி வந்த மூச்சு அடங்குறதுக்கு முன்னுக்கே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

கிளாக்கர் ஐயா களத்துக்கே வந்தாராம். எல்லார் பேரும் கூப்பிட்டு முடிஞ்ச பொறகு, கடைசியா ஒரு பேரக் கூப்பிட்டாராம். என் பேரு. களமே திரும்பி அம்மாவப் பாத்துச்சாம். பேர் பதிஞ்சிருச்சாக்கும்னு எல்லாரும் நெனைச்சாங்களாம். அவரு கவரத் திருப்பி, "என்ன இது, கொம்பியூட்டர் புள்ள வீடுன்னு போட்டிருக்கு"ன்னு ஒரக்க வாசிச்சாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அவரு மறுபடியும் ஒருக்கா என் பேரக் கூப்பிட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல. அவ பெரட்டுக்கு வரமாட்டா ஐயா, அவளுக்கு வேற வேலை இருக்கு, எங்கிட்டக் குடுங்கன்னு சொன்னேன்." கவர என் கையில வச்சாங்க. "பிரிச்சுப் பாரு. நான் ஓடுறேன், இன்னும் பிந்துனா அரைப்பேர் போட்டு பாதிச் சம்பளந்தான் தருவாங்க." படியில அவங்க எறங்கி ஓடுறத நான் நின்னு பாத்தேன். கவர சாயங்காலம் அவங்க வந்த பொறகுதான் பிரிச்சேன்.